பழைய பர்மா தேக்கில் திண்ணைப் பெஞ்சு: ஆணி எடுப்பதிலிருந்து எண்ணெய் பூசுவது வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகளின் வாசலில் செதுக்கிய நிலையும் தூணும்தான் முதலில் கண்ணில் படும். பெஞ்சு செய்ய அவை வேண்டாம். பின்பக்கம் தூசியேறிக் கிடக்கும் கைமரத் துண்டு, மச்சுப் பலகை, உத்திரத்தின் மிச்சம், இவை போதும். செதுக்கு வேலை உள்ள எதையும் ரம்பத்துக்குக் கொடுக்காதீர்கள். அந்த வேலையை இன்று திரும்பச் செய்ய ஆளும் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுப்படியாகாது. வெறும் பலகைக்குப் பஞ்சமில்லை.

மரவாடியில் வாங்கும் புது மரத்தை நேராக மெஷினில் வைத்துவிடலாம். இடித்த வீட்டு மரம் அப்படியல்ல. உள்ளே ஆணி இருக்கும், சுவருக்குள் புதைந்திருந்த முனையில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும், மேலே பல கை பெயிண்ட் இருக்கும், பல வருடம் பாரம் தாங்கியதில் முறுக்கு விழுந்திருக்கும். ரம்பத்தை ஓடவிடுவதற்கு முன்பே வேலையில் பாதி முடிந்துவிட வேண்டும். அந்தப் பாதியைத் தாவினால் மீதிப் பாதி பிளேடு மாற்றுவதிலேயே போய்விடும்.

மரம் பொறுக்குதல்

பழைய மரம் எல்லாம் தேக்கு என்று சொல்லித்தான் விற்பார்கள். வேங்கையும் வாகையும் அதில் கலந்திருக்கும். ஒரு பிளேடால் ஓரத்தில் சிறு சீவல் எடுத்துப் பாருங்கள். தேக்கானால் மேலே கறுத்திருந்தாலும் உள்ளே தேனும் பழுப்புமாக இருக்கும், தோல் போன்ற ஒரு வாசனை வரும், விரலில் லேசான பிசுபிசுப்புத் தெரியும். குறுக்கு வெட்டு முகத்தைச் சீவினால், வளையம் வளையமாகப் பெரிய துளைகள் வரிசை கட்டியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். எடையும் உதவும்: காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 கிலோ.

ஓரத்தில் வெளிர் மஞ்சளாகத் தெரியும் வெள்ளை மரத்தை அளவில் சேர்க்காதீர்கள். கரையான் தொடாத பெயரெல்லாம் தேக்கின் வைரப் பகுதிக்குத்தான். வெள்ளையைக் கரையானும் உளுவும் தின்னும். குண்டூசித் தலை அளவில் துளையும், தட்டினால் மாவாகத் தூளும் கொட்டினால் அந்தப் பகுதி முழுக்கக் கழிவு.

பெயிண்ட் அடித்த கதவுப் பலகை மலிவாகக் கிடைக்கும். வேறு மரம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூள் வீட்டுக்குள் படியும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. வாங்கியே ஆக வேண்டுமென்றால் பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். சாண்டரோ சூட்டுத் துப்பாக்கியோ அதன் பக்கம் போகக் கூடாது.

மழையில் வெளியே கிடந்த மரமானால் வீட்டுக்குள் தரையில் குறுக்குக் குச்சி போட்டு, அதன் மேல் காற்றோட்டமாக இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். ஈரத்தோடு இழைத்த பலகை பிறகு வளையும்.

அளவுகள்

ஆசாரி கணக்கிலேயே சொல்கிறோம்: 1 அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் ஏறத்தாழ 3.2 மி.மீ. பெஞ்சு 36 அங்குல நீளம், 16 அங்குல உயரம், இரண்டு பேர் உட்காரலாம். முடிந்தபின் இருக்க வேண்டிய அளவு:

- மேல்பலகை 2: நீளம் 36 அங்குலம், அகலம் 5 அங்குலம் 6 நூல், கனம் 1 அங்குலம்
- கால் 4: 1 அங்குலம் 6 நூல் சதுரம், உயரம் 15 அங்குலம்
- நீளச் சட்டம் 2: நீளம் 26 அங்குலம் 4 நூல், அகலம் 3 அங்குலம், கனம் 7 நூல்
- குறுக்குச் சட்டம் 2: நீளம் 6 அங்குலம் 4 நூல், அகலமும் கனமும் மேலே சொன்னதே
- பலகையைப் பிடிக்கும் ரீப்பர் 3: 6 நூல் சதுரம், இரண்டு 6 அங்குல நீளம், ஒன்று 7 அங்குலத்துக்குச் சற்று மேல் (நடுவில் வருவது, காலும் சட்டமும் சேர்ந்த கூடு முடிந்தபின் உள் அளவு பார்த்து வெட்டுங்கள்)

இழைப்புக்கும் நுனிக் கழிவுக்கும் சேர்த்து அறுக்க வேண்டிய மரம் முக்கால் கன அடிக்குள் வரும். பழைய மரத்தில் ஆணித் துளை, வெடிப்பு, வெள்ளை எல்லாம் கழித்தால் 1 கன அடி வாங்குவது சரி. பெஞ்சின் எடை 8 கிலோவை ஒட்டி வரும்.

மேல்பலகையை ஒரே அகலமாக ஒட்டாமல் இரண்டாக வைப்பதற்குக் காரணம் உண்டு. பங்குனி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மரத்தின் ஈரப்பதம் மாறும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும் என்றாலும், இந்த அகலப் பலகை 1 மி.மீ. அளவுக்கு விரிந்து சுருங்கும். நடுவில் 2 நூல் இடைவெளி விட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும். ஒட்டுப் பிரியும் கவலையும் இல்லை.

எந்த மெஷின், எது வேண்டாம்

7 அங்குலச் சர்க்குலர் சா (வட்ட ரம்பம்), 82 மி.மீ. பிளேனர் (இழைக்கும் மெஷின்), 10 அல்லது 13 மி.மீ. டிரில், 5 அங்குல ஆர்பிட்டல் சாண்டர் (தேய்க்கும் மெஷின்). இந்த நான்கு போதும். முதன்முதலாக வாங்குகிறவர் டிரில்லும் சாவும் வாங்கி, பிளேனரையும் சாண்டரையும் தெரிந்தவரிடம் இரவல் வாங்கலாம். ஒரே பெட்டியில் ஒன்பது மெஷின் என்று விற்கும் செட்டில் எதுவுமே முழுதாக உதவாது.

ஊரில் பாதிப்பேர் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டித்தான் அறுக்கிறார்கள். அது எப்போது சரி, எப்போது தவறு என்று தெரிந்துகொள்ளுங்கள். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழலும். 7 அங்குலச் சா 5,000 சுற்றை ஒட்டித்தான். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் மாட்டலாம். அது வெட்டும் ஆழமும் ஒன்றேகால் அங்குலத்தை ஒட்டித்தான், ஆகவே பலகைக்கு ஆகும், காலுக்கு ஆகாது. இரண்டு பக்கமிருந்து அறுத்தால் நடுவில் படி விழும். ஆங்கிள் கிரைண்டரில் பல் உள்ள மரப் பிளேடு மாட்டுவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அதன் கார்டு (காப்பு மூடி) தேய்ப்பதற்காகச் செய்தது, கீழே ஊன்ற அடித்தட்டும் இல்லை. பல் மரத்தைக் கவ்வினால் மெஷின் கையை உதறிக்கொண்டு உடம்புப் பக்கம் வரும்.

பிளேடு இரண்டு வேண்டும்: நீளவாக்கில் அறுக்க 24 பல், குறுக்கே வெட்ட 40 முதல் 60 பல். இரண்டும் கார்பைட் முனை உள்ளவை. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. சாதா ஸ்டீல் பல் அதில் சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய பல் மரத்தைக் கருக்கும்.

இடமும் கரண்டும்

பின்கட்டோ முற்றத்து ஓரமோ நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வேலை செய்வதானால் ஒரு பிளைவுட் தாளும் அதன் கீழ் பழைய சாக்கும் விரியுங்கள். அது கண்ணாடி மேல் வார்த்துச் செய்யும் சிமெண்ட் கல். இரும்புத் தூள் விழுந்து ஈரம் பட்டால் துருக்கறை ஏறும், சுத்தியல் விழுந்தால் முனை பெயரும். ஆணியைக் கிரைண்டரால் வெட்டும் வேலையை மண் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூள் பக்கத்தில் தீப்பொறி பறக்கவும் கூடாது.

1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போலச் சில மடங்கு. லைட்டுக்கான 6 ஆம்பியர் பிளக்கில் போடாமல் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 சதுர மி.மீ. தாமிரம், 15 மீட்டருக்குள். அதற்கு மேல் போனால் 2.5. சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சுருள் சூடேறி உறை உருகும், முழுக்க அவிழ்த்துவிடுங்கள். பெரிய வீடுகளில் மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங் இன்னும் இருந்தால் அதில் மெஷின் மாட்டவே வேண்டாம். மெயின் போர்டிலிருந்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். மாலையில் வோல்டேஜ் விழும் வீட்டில் கனமான அறுப்பைக் காலையிலேயே முடிப்பது மோட்டாருக்கு நல்லது.

உடை விஷயம்: வேட்டி, லுங்கி, தொங்கும் துண்டு, துப்பட்டா எதுவும் கூடாது. பேண்டும் மூடிய செருப்பும். சுழலும் மெஷினில் கையுறை போடாதீர்கள், நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் கொடுக்கும்.

ஆணி வேட்டை

முதலில் வெறும் கை வேலை. கம்பி பிரஷ்ஷால் நார் ஓடும் திசையில் தேய்த்து, சுண்ணாம்பைப் பழைய உளியால் சுரண்டுங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனையில் 3, 4 அங்குலத்தை வெட்டி எறிவதே லாபம்; மணல் நாருக்குள் ஏறியிருக்கும், எவ்வளவு சுரண்டினாலும் போகாது.

பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, மரத்துக்கு மேல் ஏறத்தாழ 3 மி.மீ. உயரத்தில் தொங்கவிட்டு மெதுவாக நகர்த்துங்கள். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சாயும். நான்கு முகத்தையும் பாருங்கள், சாய்ந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு: இரும்பு இருக்கும் இடத்தில் தேக்கு நீலம் கலந்த கறுப்பாகக் கறைபட்டிருக்கும், மரத்திலுள்ள டானினும் துருவும் சேர்ந்து அந்த நிறம் வரும். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கறைதான். கதவு, நிலை மரமானால் பித்தளை ஆணியும் இருக்கும், அதற்குக் காந்தம் சாயாது. கீல், தாழ்ப்பாள், குமிழ் இருந்த இடத்தையெல்லாம் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். கையில் பிடிக்கும் சிறு மெட்டல் டிடெக்டர் இருந்தால் பித்தளையும் மாட்டும்.

எடுக்கும் முறை ஆணியைப் பொறுத்தது. மறுபக்கம் நுனி தெரிந்தால், நுனியில் இரும்பு பஞ்ச் வைத்து அடித்துத் தலையை வெளியே தள்ளி, கீழே ஒரு மரத்துண்டு கொடுத்து ஆணிப் பிடுங்கியால் இழுங்கள். துண்டு கொடுக்காமல் நெம்பினால் பலகையில் பள்ளம் விழும். தலை போன ஆணிக்கு, அதை ஒட்டிச் சுற்றிலும் 3 மி.மீ. பிட்டால் நான்கைந்து துளை, முக்கால் அங்குல ஆழம் போடுங்கள். குறடு நுழைய இடம் கிடைக்கும், திருகித் திருகி இழுங்கள். துரு இறுகி அசையவே இல்லையென்றால் சால்டரிங் அயர்னை ஆணியின் மேல் ஓரிரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். சூட்டில் ஆணி விரிந்து, ஆறும்போது சுருங்கி, பிடி சற்றுத் தளரும். ஆணியை இன்னும் உள்ளே அடித்து இறக்கிவிடலாம் என்று நினைப்பவர் உண்டு; அது பிளேனருக்கு வைக்கும் பொறி.

எல்லாம் எடுத்தபின் மறுபடி ஒருமுறை காந்தம். ஒவ்வொரு முகத்தை இழைத்தபின்னும் ஒருமுறை. இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கார்பைட் பல் ஒன்று பெயர்ந்தால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மர அறுவை மில்களில் பழைய மரம் என்றால் தயங்குவதற்கும் காரணம் இதுவே. ஆணி முழுக்க எடுத்துக் காட்டினால் சிலர் ஒப்புக்கொள்வார்கள், கைமரத்திலிருந்து கால் அறுக்க அதுவே சுலபம்.

அறுப்பு

பழைய பலகைக்கு நேர் விளிம்பே இருக்காது, ஆகவே சாவோடு வரும் பக்கக் கைடு பயன்படாது; கோணல் விளிம்பைத் தொட்டு ஓடினால் வெட்டும் கோணலாகத்தான் வரும். 4 அடி அலுமினியச் சேனல் ஒன்றைப் பலகை மேல் இரண்டு சி கிளாம்பால் இறுக்கி, சாவின் அடித்தட்டை அதில் அணைத்து ஓட்டுங்கள். அடித்தட்டின் விளிம்புக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்து அளந்து, மெஷின் மேலேயே எழுதி வையுங்கள்.

பிளேடு ஆழம் பலகைக் கனத்தைவிட 2 நூல் கூடுதல், அவ்வளவுதான். கையால் ஓட்டும் சாவில் பல் கீழிருந்து மேலே வெட்டும், சிலாம்பு மேல் முகத்தில்தான் பெயரும். அதனால் நல்ல முகம் கீழே இருக்கட்டும்.

கிக்பேக், அதாவது சா திடீரென்று நம் பக்கம் உதைப்பது, ஏன் வருகிறது? வெட்டிய கோடு பின்னால் மூடிக்கொண்டு பிளேடைப் பிடித்துக்கொள்வதால். பலகையின் இரண்டு முனையையும் தாங்கிவிட்டு நடுவில் வெட்டினால், முடியும்போது இரண்டு துண்டும் உள்நோக்கிச் சரிந்து பிளேடை நெருக்கும். நமக்கு வேண்டிய துண்டு முழுதாகத் தாங்கப்பட்டும், கழிவுத் துண்டு தானாக விழும்படியும் வையுங்கள். நீளவாக்கு அறுப்பில் பழைய மரம் உள்ளிறுக்கம் விட்டுக் கோட்டை மூடும். வெட்டு ஒரு அடி நகர்ந்ததும் மெஷினை நிறுத்தி, பிளேடு நின்றபின் பின்னால் ஒரு சிறு ஆப்பு செருகித் தொடருங்கள். பிளேடின் நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். கருகல் வாசனை வந்தால் மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள், அல்லது பல் மழுங்கிவிட்டது, அல்லது பல்லில் பிசின் ஏறியிருக்கிறது. பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போகும்.

இழைப்பு

பலகையில் முறுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே அகலமுள்ள இரண்டு நேர்ச் சட்டங்களைப் பலகையின் இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒன்றன் மேல் ஒன்றாகப் பார்வை ஓட்டுங்கள். மேல் விளிம்புகள் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு. உயர்ந்து நிற்கும் எதிரெதிர் மூலைகளைப் பென்சிலால் கீறி, அங்கே மட்டும் முதலில் இழையுங்கள். இதைப் பார்க்காமல் பிளேனரை முழு நீளத்துக்கு ஓட்டினால் முறுக்கு அப்படியே இருக்கும், கனம் மட்டும் குறையும்.

வரிசை இதுதான்: ஒரு முகம், அதற்கு மூலைமட்டம் பார்த்து ஒரு விளிம்பு, பிறகு சாவால் அகலம், கடைசியாக எதிர் முகத்தை இழைத்துக் கனம். வரிசை மாறினால் எதையும் எதற்கும் சதுரமாக்க முடியாது.

பிளேனரின் ஆழம் ஒரு ஓட்டத்துக்கு அரை மி.மீ. போதும். தொடங்கும்போது அழுத்தம் முன் கைப்பிடியில், முடிக்கும்போது பின் கைப்பிடியில். மாறினால் முனையில் பள்ளம் விழும். அதற்குப் பயந்துதான் ஒவ்வொரு துண்டையும் நீளத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலம் கூடுதலாக வைத்து இழைத்துப் பிறகு நறுக்குகிறோம். பிளேனர் அகலம் 82 மி.மீ., நம் பலகை அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிய தடங்களுக்கிடையே வரப்பு நிற்கும். கடைசி இரண்டு ஓட்டத்துக்கு ஆழத்தைக் கால் மி.மீ. ஆக்குங்கள். மிச்ச வரப்பைக் கை இழைப்புளியால் சீவுவதே வேகம். சாண்டரால் அதை எடுக்கப் போனால் வரப்போடு பள்ளமும் சேர்ந்து தேயும், வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். இழைப்புளி பிடிக்கத் தெரியாதவர் இதற்காகவாவது கற்றுக்கொள்ளலாம்.

நார் எதிராக இருந்தால் சிலாம்பு பெயரும், பலகையைத் திருப்பிப் போடுங்கள். இழைத்த பரப்பில் முடிபோல ஒரு கோடு தொடர்ந்து எழும்பினால், எங்கோ தப்பிய ஆணி பிளேடில் பல் விழுத்தியிருக்கிறது. இரண்டு பிளேடு உள்ள மெஷினில் ஒன்றைப் பக்கவாட்டில் சற்று நகர்த்த வழி இருந்தால், பல் விழுந்த இடங்கள் ஒன்றையொன்று மூடிக் கோடு மறையும். பிளேடில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை நம்பாதீர்கள்.

ஆணிக் கறை கண்ணை உறுத்தினால் ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து அந்த இடத்தில் தடவுங்கள், கறை வெளிறும். அது விஷம்; ரப்பர் கையுறை வேண்டும், காய்ந்தபின் ஈரத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், தூளாக மிஞ்சியதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. உண்மையில் இந்தக் கறையும் ஆணித் துளையும் அப்படியே இருப்பதுதான் அழகு. உட்கார்ந்தால் உடையில் சிக்கும் பெரிய துளைகளை மட்டும் அரால்டைட்டில் தேக்குத் தூள் குழைத்து அடையுங்கள்.

துளையும் ஒட்டும்

ஆசாரி இதைத் துளையும் முளையுமாக உளியில் செதுக்கிச் சேர்ப்பார், அதற்கு ஈடு வேறில்லை. வீட்டில் டிரில் வைத்துச் செய்ய 8 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீள மர டவல் பின் (இரண்டு மரத்தையும் துளையில் கோக்கும் உருளைக் குச்சி) போதும். ஒரு சேர்ப்புக்கு இரண்டு, எட்டுச் சேர்ப்புக்கு மொத்தம் 16.

எல்லாரும் இடறும் இடம் ஒன்று இங்கே உண்டு. கால் 44 மி.மீ. சதுரம், அடுத்தடுத்த இரண்டு முகத்திலிருந்து 20 மி.மீ. ஆழத் துளை ஒரே உயரத்தில் வந்தால் உள்ளே இரண்டும் மோதும். உயரத்தை மாற்றிப் போடுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து நீளச் சட்டத்துக்கு 12, 48 மி.மீ.யிலும், குறுக்குச் சட்டத்துக்கு 30, 64 மி.மீ.யிலும் துளை மையம் வரட்டும். சட்டத்தின் கனத்தில் மையம் 11 மி.மீ., காலில் மையம் 22 மி.மீ.

முதலில் சட்டத்தின் முனையில் துளையிடுங்கள், ஆழம் 22 மி.மீ. நடுவில் ஊசி முனையுள்ள மரப் பிட்டே வேண்டும். சாதா இரும்புப் பிட் நாரின் போக்கில் வழுக்கிவிடும். ஆழத்துக்குப் பிட்டில் டேப் சுற்றுங்கள். நேராக இறங்க, ஒரு கெட்டி மரக்கட்டையில் டிரில் ஸ்டாண்டு வைத்துச் செங்குத்தாக 8 மி.மீ. துளை போட்டு, அதையே கைடாகச் சட்டத்தின் மேல் கிளாம்ப் செய்யலாம். பிறகு டவல் சென்டர் என்று விற்கும் சிறு உலோகக் குமிழ்களை அந்தத் துளைகளில் செருகி, காலோடு அழுத்தினால் சரியான இடத்தில் புள்ளி விழும். ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஜோடி எண் எழுதிவிடுங்கள். எந்தச் சட்டம் எந்தக் காலுக்கு என்பது ஒட்டும் அவசரத்தில் மறந்துபோகும்.

பசை போடாமல் முழுதாக ஒருமுறை கோத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் கழற்றி, சேரும் பரப்புகளை 120 நம்பர் பட்டைத் தாளால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டுங்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. துடைத்துவிட்டு மறுநாள் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். பசை ஃபெவிகால் எஸ்எச் போதும், மழைச் சாரல் விழும் திண்ணையானால் மரைன். துளைக்குள் கொஞ்சமாகத் தடவுங்கள். துளை நிறையப் பசை ஊற்றி வரிப்பள்ளம் இல்லாத பின்னை அடித்து இறக்கினால், வெளியேற வழியில்லாத பசை காலையே பிளந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் பசை சில நிமிடத்தில் ஆடை கட்டும். விடியற்காலையில் ஒட்டுங்கள். முழுக் கூட்டையும் ஒரே மூச்சில் ஒட்டாமல், முதலில் இரண்டு கால், ஒரு குறுக்குச் சட்டம் என்று இரண்டு பக்கங்களைத் தனித்தனியாக ஒட்டி 6 முதல் 8 மணி நேரம் இறுக்கி வைத்து, அடுத்த நாள் நீளச் சட்டங்களால் இணையுங்கள். நீளக் கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்குவது கிளாம்புக்குச் சமானம், மூலையில் அட்டை கொடுத்தால் தழும்பும் விழாது. இறுக்கியதும் மேலிருந்து கூட்டின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். கால்களின் வெளி மூலைக்கு வெளி மூலை 31 அங்குலம் 5 நூல் வர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள். கூடுதலாக உள்ள மூலைவிட்டத்தின் பக்கம் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து இறுக்கினால் சரியாகும். வழிந்த பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் அந்த இடம் பிறகு எண்ணெய் குடிக்காமல் வெளிறித் தெரியும். பாரம் வைக்க ஒரு நாள் பொறுங்கள்.

மேல்பலகை

6 அங்குல ரீப்பர் இரண்டைக் குறுக்குச் சட்டங்களின் உட்பக்கம், மேல் விளிம்புக்குச் சமமாகப் பசையும் ஸ்குரூவும் போட்டுப் பிடியுங்கள். நடு ரீப்பரை நீளச் சட்டங்களுக்கிடையே நடுவில், வெளியிலிருந்து முனைக்கு ஒரு ஸ்குரூவாக இறுக்குங்கள். பலகைகளை 2 நூல் இடைவெளியில் வைத்து, கீழிருந்து ரீப்பர் வழியாக 8 நம்பர், ஒன்றரை அங்குல ஸ்குரூ. ஒரு பலகைக்கு ஒவ்வொரு ரீப்பரிலும் இரண்டு, மொத்தம் 12. ரீப்பரில் உள்பக்கத் துளை நாலரை மி.மீ., வெளிப்பக்கத் துளை 6 மி.மீ. பெரிய துளையில் வாஷர் போடுங்கள். பலகை விரியும்போது அந்த ஸ்குரூ நகர இடம் இருக்கும். பலகைக்கு 3 மி.மீ. முன்துளை, 15 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல். பழைய தேக்கு நொறுங்கும் குணம் உள்ளது, முன்துளை இல்லாமல் ஸ்குரூ ஏற்றினால் பிளக்கும்.

ஸ்குரூ பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு போட்டால் நீங்கள் சுரண்டி எடுத்த அதே கறுப்புக் கறை மறுபடி வரும். பித்தளை மென்மையானது, தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் ஏற்றி வழி செய்து, கழற்றி, பித்தளையில் மெழுகு தடவி ஏற்றுங்கள்.

பட்டைத் தாளும் எண்ணெயும்

சாண்டரில் 80, 120, 180 என்ற வரிசை. ஒன்றைத் தாவினால் முந்தைய தாளின் சுருள் கீறல் எண்ணெய் பட்டதும் எழுந்து நிற்கும். அழுத்தாதீர்கள், மெஷினின் எடை போதும். தாள் மாற்றும்போது தூளைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். உட்காரும் விளிம்புகளை ஒரு நூல் அளவு உருட்டிவிடுங்கள்.

பாலிஷ் விஷயத்தில் எண்ணெய்தான் எங்கள் பரிந்துரை. மெலமைனும் பியூவும் (பாலியூரித்தேன்) பளபளக்கும், ஆனால் தேக்கின் எண்ணெய் அவற்றைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். கீறல் விழுந்தால் முழுப் பரப்பையும் தேய்த்தாக வேண்டும். காய்ச்சிய ஆளி விதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தடவி, 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெய் அத்தனையையும் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுக்காகவே உறைந்து தூசி ஒட்டும். ஒரு நாள் விட்டு அடுத்த கை, மொத்தம் மூன்று கை.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு வெளிப்படும்; சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும், மரத்தூள் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். முற்றத்துக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்கி வையுங்கள்.

காலின் அடி முனை தண்ணீரை உறிஞ்சும் பக்கம். தரை கழுவும் வீட்டில் அந்த நான்கு முனைக்கும் அரால்டைட் ஒரு கை பூசி, காய்ந்தபின் ரப்பர் பட்டன் ஒட்டுங்கள். இரும்பு பட்டன் வேண்டாம், ஆத்தங்குடிக் கல்லில் துரு வட்டம் பதிந்தால் எளிதில் போகாது.